மார்லினின் தோலங்கி பொன்னாடை அல்ல

1

தலைவர் அண்ணை, நீங்கள் ஒரு பெண்ணின் உடுப்பை எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டீர்கள். கொடுக்க முன்னர் அவளிடம் கேட்கவில்லை. இப்போது திருப்பி வாங்கித் தரவும் மாட்டேன் என்கிறீர்கள். இதற்குக் களவு என்று பெயர். மேடையில், ஒலிவாங்கிக்கு முன்னால், கைதட்டலோடு செய்தாலும் அதுதான் பெயர்.

இந்தச் சஞ்சிகையை யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் வாசிப்பவர்களுக்கு விளக்கமாகச் சொல்ல வேண்டும். போன இதழின் நடுப்பக்கத்தில் ரொறன்ரோவில் நடந்த எங்கள் சங்கத்தின் ஆண்டு விழாப் படம் வந்திருந்தது. நடுவில் சிரித்துக்கொண்டு நிற்பவர் எங்கள் தலைவர். பக்கத்தில் நிற்பவர் எங்கள் தொகுதிப் பிரமுகர், வெள்ளைக்காரர், தேர்தல் கிட்டினால் வடை தின்பவர். அவருடைய தோளில் ஒரு தோலங்கி கிடக்கிறது. முன்பக்கம் முழுவதும் மணி வைத்துத் தைத்த பூக்கள். கீழே, ‘இந்நாட்டின் ஆதிக்குடிகள் எமது சங்கத்துக்கு மனமுவந்து அன்பளித்த அங்கியைப் பொன்னாடையாகப் போர்த்திக் கௌரவிக்கிறார் தலைவர்’ என்று எழுதியிருந்தது.

ஒருவரும் மனமுவக்கவில்லை. ஒருவரும் அன்பளிக்கவில்லை. படத்தின் இடது ஓரத்தில், மேடைக்குக் கீழே முன்வரிசையில், ஒரு முழங்கை தெரிகிறது, பாருங்கள். அந்த முழங்கைக்குச் சொந்தக்காரிதான் அங்கிக்கும் சொந்தக்காரி. பெயர் மார்லின். அவளை வெட்டி எறிந்துவிட்டுத்தான் படத்தை உங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். முழங்கையை வெட்ட மறந்துவிட்டார்கள்.

நான் எழுத்தாளர் இல்லை. எனக்குக் கோட்டுக்குக் கை பொருத்தத் தெரியும். வெளிநாட்டில் இருந்து எழுதுகிறவர்கள் வழக்கமாகப் பனி கொட்டியதையும் முருங்கைக்காய் கிடைக்காததையும் எழுதுவார்கள். இங்கே முருங்கைக்காய் கிடைக்கிறது. கிடைக்காத சாமான் வேறு. அதைத்தான் எழுதுகிறேன்.

2

ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் நாங்கள் இருக்கும் மாடிக்கட்டடத்தில் இருந்து ஒரு பஸ் பிடித்தால் குளிர்கால உடுப்புத் தைக்கும் தொழிற்சாலை. மார்லின் வேலைக்கு வந்த முதல் நாள் மேற்பார்வையாளன், “உங்கட இந்தியன் ஆள் ஒருத்தி வந்திருக்கிறா” என்று சொல்லி அவளை என் பக்கத்து மெஷினில் இருத்திவிட்டுப் போனான். நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

“நீ இந்தியனோ?” என்று கேட்டாள். அவள் பேசுவது ஆங்கிலம். நான் இங்கே எழுதுவது எனக்கு விளங்கிய விதத்தில்.

“இல்லை. நீ?”

“நானும் இல்லை. நான் கிறீ.”

“அப்ப உவன் ஆரைச் சொல்லுறான்?”

“ரண்டு பேரையும்தான். அதை விடு. கறுப்பு நூல் மிச்சம் இருக்கோ?”

இப்படித்தான் பழக்கம். கிறீ என்பது இந்த நாட்டின் ஆதிக்குடிகளில், வெள்ளைக்காரர் ‘இந்தியன்’ என்று கூப்பிட்டுப் பழகிய ஆட்களில், ஒரு கூட்டம். மார்லினின் ஊர் வடக்கே, ஜேம்ஸ் விரிகுடாக் கரையில். அங்கே றோட்டுக் கிடையாது. ரயிலில் போய், பிறகு படகில் ஏற வேண்டும். எங்கள் தீவுப்பகுதி ஆட்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் எல்லாம் சோத்துப் பெட்டியைத் திறக்க, அவள் ஒரு பிஸ்கற் ரின்னைத் திறப்பாள். மூடியில் ஒரு துண்டு வெல்வெற், அதன்மேல் மணிகள். கடுகைவிடச் சின்ன மணி. அந்த ஊசியை முதலில் நான் தலைமயிர் என்றுதான் நினைத்தேன். ஒரு ஊசியில் மணிகளைக் கோத்து வரைந்த கோட்டின்மேல் கிடத்துவாள். இன்னொரு ஊசியால் இரண்டு மணிகளுக்கு ஒரு தையல் போட்டு அதைத் துணியோடு இருத்துவாள். இரண்டு ஊசி, இரண்டு நூல், ஒரு வாயில் சான்ட்விச். காட்டு ரோசாவும் அதன் இலைகளும் ஒரு சிவப்புப் பழக்கொத்தும் மெதுமெதுவாக வந்தன. மெஷினில் நாங்கள் கோட்டுக் கணக்கில் தைத்துத் தள்ளுகிற இடத்தில் அவள் ஒரு இலைக்கு ஒரு கிழமை எடுப்பாள்.

ஒருநாள் பழக்கொத்தில் ஒரு நீல மணி இருப்பதைக் கண்டேன்.

“இது பிழைச்சுப் போச்சு,” என்றேன்.

“பிழையில்லை. மனிசன் முழுமையானவன் இல்லை எண்டு காட்ட நாங்கள் வேணுமெண்டே ஒரு மணியை மாத்தி வைப்பம்.”

எனக்கு மெய்சிலிர்த்தது. அவள் சிரித்துவிட்டாள்.

“உதைத்தான் வாங்க வாற வெள்ளைக்காரருக்குச் சொல்லுறது. உண்மையா சில ஆக்கள் அப்பிடி வைக்கிறவைதான். எனக்குச் சிவப்பு முடிஞ்சு போச்சு.”

தோல், மூஸ் என்கிற மிருகத்துடையது. எங்கள் எருமையைவிட உயரமான மான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்லினின் தமையன் சுட்டது. ஊரில் இருக்கும் தமக்கை அதை மயிர் சுரண்டி, பதப்படுத்தி, கைவலிக்க இழுத்து மெதுவாக்கி, உளுத்த மரத்தின் புகையில் பிடித்து அனுப்பினாள். அந்தப் புகைதான் அதைக் காப்பாற்றுகிறது. நனைந்து காய்ந்தாலும் தோல் விறைக்காது. மார்லின் அதை வெட்டிக் கையும் கழுத்தும் வைத்து, தோளில் தொங்கல் விட்டு, மணிப்பூக்களைப் பொருத்தினாள். ஒருநாள் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினாள். என் வீட்டுக்காரர், இவர், மூக்கைச் சுருக்கிக்கொண்டு, “என்னப்பா, கருவாடு சுடுறியளோ?” என்று கேட்டார். மார்லின் என்னவென்று கேட்டாள். சொன்னேன். “அவருக்கு நல்ல மூக்கு,” என்றாள்.

அங்கி அவளுக்கு அல்ல. மகள் ஜோலினுக்கு. ஜோலின் இங்கே கல்லூரியில் தாதிப் படிப்பு முடிக்கிறாள். ஜூன் மாதம் பட்டமளிப்பு. எல்லோரும் போடுகிற கறுப்பு அங்கிக்குப் பதிலாக இதைப் போட்டுக்கொண்டு மேடை ஏறக் கல்லூரியில் அனுமதி வாங்கி வைத்திருக்கிறாள். ஜோலின் நகரத்தில் வளர்ந்த பிள்ளை. கிறீ மொழி நாலு சொல் தெரியாது. தாய் மணி தைக்கத் தொடங்கினால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டவள். என் மகள் நிருவுக்கு நான் தமிழ்ப் பள்ளிக்கூடம் என்று சொன்னால் வயிற்றுவலி வருவதுபோல. அப்படிப்பட்ட பிள்ளை போன வருடம் தானாகவே வந்து, “அம்மா, எனக்கு ஒண்டு தைச்சுத் தருவியா?” என்று கேட்டிருக்கிறாள். மார்லின் இதை எனக்குச் சொன்ன அன்று சாப்பிடவில்லை. ரின்னையும் திறக்கவில்லை.

3

இனி விழா.

தலைவர் ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். இவர் சங்கத்தின் நிர்வாகசபையில் இருக்கிறார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

“தங்கச்சி, உங்கட வேலையிலை ஒரு செவ்விந்தியப் பொம்பிளை இருக்கிறாவாம். விழாவுக்குக் கூட்டிவாங்கோவன்.”

“ஏன் அண்ணை?”

“இந்தமுறை இஞ்சத்தை ஆதிக்குடியளையும் சேர்த்து ஏதும் செய்தால்தான் அரசாங்கம் உதவி தருமாம். ஒரு அஞ்சு நிமிசம். தன்ர உடுப்பைப் பற்றிக் கதைக்கட்டும்.”

மார்லினிடம் கேட்டேன். “சாப்பாடு இருக்கோ?” என்றாள். மட்டன் றோல்ஸ் இருக்கும் என்றேன். “அப்ப வாறன்,” என்றாள்.

வோபர்னில் ஒரு உயர்பள்ளி மண்டபம். எங்கள் வழக்கப்படி ஒன்றரை மணித்தியாலம் பிந்தித் தொடங்கியது. அதற்குப் பிறகு பொன்னாடை. ஊரில் உள்ளவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே பொன்னாடை போர்த்துவது ஒரு வியாதியாகிவிட்டது. அன்று ஐயருக்குப் போர்த்தினார்கள். பலசரக்குக் கடைக்காரருக்குப் போர்த்தினார்கள். மொன்றியலில் இருந்து வந்த தலைவரின் மச்சானுக்கு, வந்ததற்காகப் போர்த்தினார்கள். வீடியோ பிடிக்கிறவருக்குப் போர்த்த, அவர் ஒரு கையால் கமராவைப் பிடித்துக்கொண்டு தன்னையே படம் பிடித்தார். எங்கள் வீட்டில் இவருக்குக் கிடைத்த பொன்னாடை ஒன்று ரீவியைத் தூசி படாமல் மூடிக் கிடக்கிறது.

மார்லின் அங்கியைத் தலையணை உறை ஒன்றுக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். மேடையின் பக்கத்தில் ஒரு மேசை. அதில் தாம்பாளம், சந்தனம், மாலைகள். தன் முறை வரும்போது எடுக்கச் சுகம் என்று அங்கியை உறையில் இருந்து எடுத்து, மடித்து, அந்த மேசையில் வைத்துவிட்டு முன்வரிசையில் என் பக்கத்தில் வந்து இருந்தாள். அதைக் கவனமாகத் தூக்கித் தாம்பாளத்தில் வைத்தவர் என் புருஷன். தாம்பாளம் பிடிப்பது அன்று இவருடைய பதவி.

பிரமுகர் சொன்ன நேரத்துக்கு முன்னரே வந்துவிட்டார். அடுத்த விழாவுக்கு ஓட வேண்டுமாம். மேடையில் அவசரம். முன்வரிசை என்பதால் எனக்கு எல்லாம் கேட்டது.

“அண்ணை, பொன்னாடை முடிஞ்சுது,” என்றார் செயலாளர்.

“தட்டிலை கிடக்கிறது என்ன?”

“உது மார்லின்ர...” என்று இவர் தொடங்கினார். முடிக்கவில்லை. இவர் வீட்டிலும் ஒரு வசனத்தை முடிப்பதில்லை.

“நல்ல பொருத்தமாத்தான் கிடக்கு. கொண்டா,” என்றார் தலைவர்.

போர்த்தினார். கமரா மின்னியது. மண்டபம் கைதட்டியது. மார்லினும் தட்டினாள். “போட்டுக் காட்டுறாரோ?” என்று என்னிடம் கேட்டாள். படம் எடுத்ததும் கழற்றி வாங்கிவிடுவார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். பிரமுகர் கைகூப்பி ‘வணக்கம்’ என்றார், கையை ஆட்டினார், பக்கக் கதவால் போனார். அங்கி அவரோடு போனது.

நாங்கள் இரண்டு பேரும் எழுந்து ஓடினோம். கார் நிறுத்தும் இடத்துக்குப் போனபோது அவருடைய கார் வீதியில் ஏறிவிட்டது. திரும்பி வந்தால் அறிவிப்பாளர், “அடுத்து மார்லின் அம்மையார் தமது பாரம்பரிய உடை பற்றிப் பேசுவார்” என்று கூப்பிடுகிறார். அவள் மேடை ஏறினாள். ஒலிவாங்கியைப் பிடித்தாள்.

“என்ர உடுப்பைப் பற்றிச் சொல்லச் சொன்னீங்கள். அது இப்பதான் வெளியிலை போச்சு. ஆராவது கூப்பிடுங்கோ.”

சனம் கைதட்டியது. எங்கள் சனம் எதற்கும் கைதட்டும்.

பஸ் தரிப்பிடத்தில் அவள் வெறும் தலையணை உறையை நாலாக மடித்தாள். பிறகு சொன்னாள். ஆறு வயதில் அவளை வீட்டில் இருந்து பிடித்துக்கொண்டுபோய் அரசாங்கமும் பாதிரிமாரும் நடத்திய விடுதிப் பள்ளிக்கூடத்தில் விட்டார்கள். போன அன்றே தலைமயிரைக் கத்தரித்தார்கள். தாய் தைத்துப் போட்டுவிட்ட மணிச்சட்டையைக் கழற்றி எடுத்தார்கள். பத்திரமாக வைத்திருந்து தருவோம் என்று சொன்னார்களாம்.

“தந்தவையோ?” என்று கேட்டேன்.

“இண்டைக்குப் பிறகும் உதைக் கேக்கிறியா?” என்றாள். பஸ் வந்தது.

4

திங்கட்கிழமை வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் பிரமுகரின் அலுவலகத்துக்குப் போனேன். ஆங்கிலத்துக்கு நிருவைக் கூட்டிப்போனேன். பதினைந்து வயது. வழியெல்லாம் ஒரே உபதேசம்.

“அம்மா, பிளீஸ், நீங்கள் கதைக்காதேங்கோ. நான் கதைக்கிறன். ஓகே?”

“ஏன், நான் கதைச்சால் என்ன?”

“நீங்கள் சத்தம் போடுவீங்கள். இட்ஸ் எம்பரஸிங்.”

வரவேற்பில் ஒரு பெண் இருந்தாள். நல்ல மரியாதை. மரியாதையாகவே ‘முடியாது’ என்று சொன்னாள். அந்த அங்கி ‘தமிழ்ச் சமூகத்தின் அன்பளிப்பு’ என்று பதிவாகிவிட்டதாம். பதிந்த அன்பளிப்பை யார் யாரோ வந்து கேட்டால் கொடுக்க முடியாதாம். கொடுத்த சங்கம், தவறுதலாகக் கொடுத்துவிட்டோம் என்று எழுதித் தந்தால் அன்றைக்கே திருப்பித் தருவார்களாம். மார்லின் தானே வந்து கேட்டால் என்ன என்று நிரு கேட்டாள். அது அவளுடையது என்பதற்கு என்ன அத்தாட்சி என்றாள் அந்தப் பெண். கடையில் வாங்கிய ரசீது இருக்கிறதா?

அங்கி அவளுக்குப் பின்னால் இருந்த கண்ணாடி அலுமாரியில் தொங்கியது. இரண்டு பக்கமும் எங்கள் சங்கங்கள் கொடுத்த குத்துவிளக்குகள். நாங்கள் கொடுத்ததெல்லாம் அங்கேதான் போய்ச் சேருகிறது.

பிறகு அவள் சிரித்துக்கொண்டு ஒன்று சொன்னாள். கொஞ்சம் புகை மணம் அடிக்கிறது, ட்ரை கிளீனிங் கொடுக்க யோசிக்கிறோம்.

நிரு அதை எனக்கு மொழிபெயர்க்கவில்லை. தேவையில்லை. அந்தச் சொல் தையல்காரிக்கு விளங்கும். மருந்து போட்டுக் கழுவினால் அந்தத் தோலில் இருக்கிற எண்ணெயும் புகையும் போய்விடும். தோல் மட்டையாக விறைக்கும். மணிக்குப் பின்னால் இருக்கும் நூல் அறும். நான் என் ஆங்கிலத்தில் தொடங்கினேன். சத்தம் போட்டேன். என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது. ‘நோ வாஷ்’ என்று பலமுறை சொன்னது ஞாபகம். காத்திருந்த ஒரு கிழவர் பத்திரிகையை மடித்துவிட்டுப் பார்த்தார்.

என் பிள்ளை என்னை இழுத்துக்கொண்டு வெளியே போவாள் என்று நினைத்தேன். அவள் என் பக்கத்தில் நின்று, நான் கத்தியதை எல்லாம் ஒழுங்கான ஆங்கிலத்தில், ஆனால் அதே சத்தத்தில் சொன்னாள். அந்தப் பெண் ஜூன் தொடங்கும் வரைக்கும் கழுவக் கொடுக்க மாட்டோம் என்று வாக்குத் தந்தாள். அதற்குப் பிறகு தன் கையில் இல்லையாம்.

பஸ்ஸில் நிரு கேட்டாள். “அம்மா, ஏன் அந்த அங்கிள் ஒரு லெற்றர் எழுதேலாது? ஹி டிட் இற், ரைட்?”

தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இவளை இழுத்துக்கொண்டு போவதே இந்த அங்கிள்மாரை மதிக்கப் பழகட்டும் என்றுதான்.

5

தலைவரோடு தொலைபேசியில் கதைத்தேன்.

“தங்கச்சி, உணர்ச்சிவசப்படாதேங்கோ. போர்த்தினதைத் திருப்பிக் கேக்கிறது எங்கட பண்பாடு இல்லை.”

“அது உங்கட சாமான் இல்லை அண்ணை.”

“நான் சமூகத்தின்ர மானத்தை யோசிக்கிறன். நாங்கள் பிழையாக் குடுத்திட்டம் எண்டு எழுதிக் குடுத்தால் அவை என்ன நினைப்பினம்?”

“பிழையாக் குடுத்திட்டியள் எண்டு நினைப்பினம்.”

“அந்தப் பொம்பிளைக்கு ஒரு திறமான காஞ்சிபுரம் எடுத்துக் குடுப்பம். சங்கச் செலவு.”

இதை மார்லினிடம் சொன்னேன். அவள் யோசித்தாள். “சீலை வடிவுதான். அதை அந்தப் பிரமுகருக்குப் போர்த்திவிட்டு என்ரையைக் கழட்டித் தரச் சொல்லு,” என்றாள்.

அதையும் அவருக்குச் சொன்னேன். தொலைபேசியை வைத்துவிட்டார். அடுத்த மாதம் இந்தச் சஞ்சிகையில் ‘மனமுவந்து’ என்று படம் வந்தது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எடுத்தது அவசரத்தில் என்றே வைத்துக்கொள்வோம். அவள் தந்தாள் என்று எழுதியது அவசரத்தில் இல்லை.

பண்பாடு பற்றி ஒரு கதை சொல்கிறேன் அண்ணை. நீங்களும் நானும் ஒரே ஊர். எங்கள் ஐயா வாசிகசாலைச் செயலாளர். சண்டையும் பொருளாதாரத் தடையும் இருந்த காலத்தில் ஊரில் மண்ணெண்ணெய்க்கே வழியில்லை. வாசிகசாலையிடம் இருந்தது ஒரே ஒரு பொன்னாடை. ஆண்டு விழாவில் ஐயா அதை ஒருவருக்குப் போர்த்துவார். அவர் மேடையின் பின்பக்கம் போனதும் நான் நின்று கழற்றி வாங்கி, முன்பக்கத்தால் கொண்டுவந்து தட்டில் வைப்பேன். அடுத்தவருக்குப் போர்த்துவார்கள். ஒருவரும் மானம் போனது என்று அழவில்லை. ஒருவர் மட்டும் கழற்றித் தரக் கொஞ்சம் யோசித்தார், படம் எடுத்து முடியட்டும் என்று. பிறகு தந்துவிட்டார். கரப்பந்தாட்டத்தில் கோப்பை வென்ற இளைஞர். அது நீங்கள்தான் அண்ணை.

ஆகவே திருப்பி வாங்குவது எங்கள் பண்பாடு இல்லை என்று எனக்குச் சொல்ல வேண்டாம். உங்களிடமே நான் வாங்கியிருக்கிறேன்.

6

இதை எழுதுகிறேன் என்று தெரிந்ததில் இருந்து இவர் என்னோடு பேசுவதில்லை. வீடு நல்ல அமைதியாக இருக்கிறது. சங்கத்தில் சிலர், ஊர்ச் சஞ்சிகையில் ஏன் எங்கள் அழுக்கைத் துவைக்கிறாய் என்கிறார்கள். பொய்யை ஊர்ச் சஞ்சிகையில்தானே போட்டீர்கள்? ‘அந்தச் சனத்துக்கு உது பெரிய விசயமில்லை, இன்னொண்டு தைப்பாள்’ என்று ஒரு அன்ரி கோயிலில் வைத்துச் சொன்னார். அவருடைய கூறைச்சீலையை வீடியோக்காரருக்குப் போர்த்திவிட்டு அவரிடம் அதே மாதிரிக் கேட்க எனக்கு ஆசை.

மார்லின் இன்னொன்று தைக்கவில்லை. தோல் இல்லை. தமையன் இந்த வருடம் மூஸ் சுடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் சும்மா இருந்து எங்கள் றொட்டியைச் சாப்பிடுகிறாள். என்னோடு கோபம் இல்லை என்கிறாள். ஜோலின் கறுப்பு அங்கியைக் கல்லூரியில் வாடகைக்கு எடுக்கலாம் என்று தாயிடம் சொல்லியிருக்கிறாள். “பரவாயில்லை அம்மா, ஒரு உடுப்புத்தானே” என்றாளாம். அந்தப் பிள்ளை மறுபடியும் கதவைச் சாத்தப் போகிறது. மார்லினுக்கு அந்தப் பயம்தான்.

தலைவர் அண்ணை, உங்களிடம் நான் கேட்பது ஒரு கடதாசி. ‘அந்த அங்கி எங்களுடையது அல்ல, மார்லினுடையது, கேட்காமல் கொடுத்துவிட்டோம்’ என்று எழுதிக் கையெழுத்து வைத்துப் பிரமுகரின் அலுவலகத்தில் கொடுங்கள். ஆங்கிலத்தில் எழுதச் சிரமமென்றால் நிரு எழுதித் தருவாள். எனக்குத் தொலைபேசி எடுக்க வேண்டாம். இவரிடம் சொல்லி அனுப்பவும் வேண்டாம். படம் வந்த இந்தச் சஞ்சிகையிலேயே, வாசித்த அவ்வளவு சனமும் பார்க்க, உங்கள் பெயரைப் போட்டுப் பதில் எழுதுங்கள். மார்லின் அந்த அங்கியை உங்களுக்குத் தந்தாளா, இல்லையா?